தேயிலை இறங்கிய வழி

மூணாறுக்குச் சுற்றுலா போகிறவர்கள் டாப் ஸ்டேஷன் கேரளத்தில் இருப்பதாகவே நினைக்கிறார்கள். அது எங்கள் போடி ஒன்றியம், கொட்டகுடி ஊராட்சி. நேராக மலையிறங்கினால் குரங்கணி வந்துவிடும். ஆனால் வண்டி இறங்க ரோடு இல்லை. அங்கே குடியிருப்பவர் ஒரு சாதிச் சான்றிதழுக்கு பஸ்ஸில் போடி வர வேண்டுமென்றால் மூணாறுக்கு 32 கிலோமீட்டர், அங்கிருந்து போடிமெட்டு வழியாக இன்னொரு 68. கேரளத்துக்குள் புகுந்து நூறு கிலோமீட்டர் சுற்றுகிறார், சொந்தத் தாலுகா ஆபீசுக்கு!

தேயிலைக்கு இந்தச் சுற்று இருந்ததில்லை. 1902இல் தோட்டக்காரர்கள் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் ரயில் பாதை, நீராவி இன்ஜின். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரும். அங்கே பெட்டிகளை ரோப்வேயில் மாட்டிவிட்டால் ஐந்து கிலோமீட்டர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கிவிடும். கொட்டகுடிக்கு அன்று பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர். அதற்கப்புறம் 15 கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போடி. பிறகு கப்பலேறி, இங்கிலாந்து.

ஆட்கள்? நடைதான். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் கங்காணிகள் திரட்டிய ஜனம் குழந்தை குட்டியோடு மலையேறியது. தலைக்கு மேலே பெட்டி இறங்க, கீழே ஆள் ஏறியிருப்பார்கள்.

1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பப் போடவில்லை. மலைமேல் ரயில் இல்லாமல் போய் நாலு வருஷம் கழித்து, 1928இல், அடிவாரத்துப் போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது.

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க எனக்கு இந்த மலை கிடைத்தது. குரங்கணியோடு பஸ் நின்றுவிடும். சென்ட்ரல், முதுவாக்குடி என்ற மலையூர்ப் பக்கமெல்லாம் நடை. அரிசி மூட்டை என்றால் குதிரை. காபிப் பழம் பறிப்பு முடிகிற நேரம். ஒரு வீட்டில் பறிக்க வந்த வெளியாட்கள். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் போடியில். வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே எழுத வேண்டும் என்பது விதி. ஒரு கிழவியிடம், “வழக்கமா எங்கத்தா இருப்பீங்க?” என்றேன். “மழை விழுந்தா கீழ, பழம் பழுத்தா மேல. ஒனக்கு எது தோதோ அத எழுதிக்கப்பா” என்றார். இந்த மலைக்கு ஜனத்தொகை இவ்வளவு என்று அச்சில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிழவி நினைவுக்கு வந்துவிடுவார்.

அதே கணக்கெடுப்பின் ஊர் வசதிப் பட்டியல் இன்னும் வேடிக்கை. ஊரில் பஸ் இல்லையென்றால், பஸ் கிடைக்கும் இடம் 5 கிலோமீட்டருக்குள்ளா, 10க்குள்ளா, அதற்கு மேலா என்று மூன்று எழுத்தில் ஒன்று. கிராமத்துக்கு ஒரே எழுத்துதான். மலைக்குடிகளுக்குத் தனிக் கட்டம் கிடையாது.

போடி ரயிலும் அகலப் பாதைக்காக 2010 டிசம்பர் 31இல் நின்று, 2023 ஜூன் 15இல்தான் திரும்ப வந்தது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோடு கேட்டு மனுக் கொடுப்பது எனக்குத் தெரிந்த நாளாக நடக்கிறது. காடு என்பார்கள். காடுதான், மறுக்கவில்லை, 2018 மார்ச்சில் மலையேற வந்த 23 பேரைத் தீ கொண்டுபோன மலை இது. ரோடு வந்தால் சென்ட்ரல்காரரைவிட மூணாறு போகும் கார்க்காரர்தான் அதிகம் ஓட்டுவார் என்பது என் அபிப்பிராயம். ரோப்வே கேளுங்கள், இந்தத் தடவை ஆள் ஏறுகிற ரோப்வே என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.