பாலாறு சேரும் மணல்

கடலைக் காண விரும்பும் கோலார் தங்கவயல்காரர் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காரப்பேட்டையில் வண்டி மாறி, ஜோலார்பேட்டை வழியாகச் சென்னைக்குப் பிரயாணம் செய்ய வேண்டும். ஆனால், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3,200 மீட்டர் ஆழம்வரை கேஜில் இறங்கிப் பாறை உடைத்த நம் பாட்டனார்கள், கடல்மட்டத்திற்கும் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், கடலைக் கண்ணால் காணாமலே தம் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தார்கள்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்து சுரங்கங்களைப் பெருக்கிய பிறகு, வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்த அவர்களில் பலர் பாலாற்றங்கரைக் கிராமங்களைத் துறந்து வந்தவர்கள். வந்த இடத்திலும் அவர்கள் குடித்தது, பேத்தமங்கலத்தில் தேக்கி, வடிகட்டி, குழாயில் ஏற்றி அனுப்பப்பட்ட அதே பாலாற்று நீர்தான். அந்த ஆறு வாணியம்பாடி, வேலூர், செங்கற்பட்டு எல்லாம் கடந்து, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் வங்கக் கடலைச் சேருகிறது. ஆகவே அந்தக் கரையில் நடப்பது எனக்கு அந்நியர் வீட்டு விஷயமாகத் தோன்றுவதில்லை.

தை முதல் பங்குனி வரை, இரவின் நிசப்தத்தில், பங்குனி ஆமை என்னும் கடலாமை அந்தக் கடற்கரையில் ஏறி முட்டையிடுகிறது. 1970களின் தொடக்கத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த சதீஷ் பாஸ்கர் என்ற இளைஞர், ராமுலஸ் விட்டேகர் நிறுவிய பாம்புப் பண்ணையைச் சேர்ந்த நண்பர்களோடு இரவெல்லாம் மணலில் நடந்து அம்முட்டைகளைத் தேடத் தொடங்கினார். பின்னர் படிப்பை விட்டுவிட்டு, இந்தியக் கடற்கரைகளில் பல்லாயிரம் கிலோமீட்டர் நடந்தே ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், படகுகள் அணுக இயலாத லட்சத்தீவின் சுஹேலித் தீவில் ஐந்து மாதம் தனியே தங்கிப் பேராமைகளைக் கவனித்தபோது, மனைவிக்கு ஒரு கடிதமெழுதிப் போத்தலில் அடைத்துக் கடலில் எறிந்தார். 24 நாட்களில் அது இலங்கைக் கரையை அடைய, கண்டெடுத்த மீனவர் ஒருவர், முன்பின் அறியாத அந்த அம்மையாருக்கு அதைத் தபாலில் அனுப்பிவைத்தார். இச்செய்தியை எத்தனை முறை நினைத்தாலும் என் மனம் நெகிழ்கிறது. 2023-இல் பாஸ்கர் காலமானார். அவருடைய ஜீவிதத்தைச் சொல்லும், தைரா மலானி இயக்கிய 'டர்ட்டில் வாக்கர்' என்ற ஆவணப்படம் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

பாஸ்கரும் நண்பர்களும் தொடங்கிய நடை நின்றுவிடவில்லை. 1988-இல் மாணவர்கள் கூடி அமைத்த கடலாமைப் பாதுகாப்புச் சங்கத்தார், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஏழு கிலோமீட்டரை நள்ளிரவுக்குப் பின் நடக்கிறார்கள். ஈரமணலில் துடுப்புகள் இழுத்த இரட்டைத் தடத்தைக் கண்டதும், மெல்லிய கோலொன்றால் மணலைப் பதமாகக் குத்திப் பார்க்க, குழி உள்ள இடத்தில் கோல் தானே இறங்கும். பிறகு கையால் தோண்டினால், சொம்பு வடிவில் ஒன்றரை அடி ஆழமுள்ள குழியில், தோல்போல் மெத்தென்ற வெண்ணிற முட்டைகள் நூறுக்கு மேல் கிடக்கும். அவற்றை உருட்டாமல் பையிலெடுத்து, வேலியிட்ட இடத்தில் அதே அளவுக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். நாற்பத்தைந்து நாட்களுக்கு மேல் கழித்து வெளிவரும் குஞ்சு, ஒளியுள்ள திசையே கடல் என்று நம்பி ஓடும். தெருவிளக்குகள் நிறைந்த நகரத்தில் அந்த நம்பிக்கையே அதற்கு எமனாகிவிடுவதால்தான் இவ்வளவு சிரமமும்.

நைட் ஷிப்டுக்கு விளக்கேந்திச் சென்றவர்களின் பேரன் நான். கூலியில்லாமல் இரவில் விழித்து நடக்கும் இப்பிள்ளைகளிடம் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. எங்கள் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட தூள், சயனைடு மலையென்ற பெயரோடு நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் வீட்டு வாசல்களில் மாவுபோல் படிகிறது. அதைக் காவல் காக்க ஒரு கூட்டம் நடக்கவில்லையே என்பது என் நெடுநாளைய ஏக்கம்.

'டர்ட்டில் வாக்கர்' ஆவணப்படத்தை எங்கள் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாலை பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரையிட வேண்டும். மறுநாள் காலை அவர்களைப் பேத்தமங்கலம் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, மதகருகே நிறுத்தி, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.