கடல் வற்றினாற் குன்றுக்கு ஓடு

சுமாத்திராவின் மேற்கே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 1907ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே நிலம் வலிதாக நடுங்கியது. பின்னர் கடல் வற்றியது. தரையில் துடித்த மீன்களைப் பொறுக்க மக்கள் கரைக்கு விரைந்தனர். மீண்டு வந்த பேரலை அவர்களை வாரிக்கொண்டது.

எஞ்சியோர் அத்துயரைக் கதையாக்கினர். அலைக்கு அவர்கள் மொழியில் 'ஸ்மோங்' என்பது பெயர். பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த அக்கதையின் சாரம் எளிது: நிலம் நடுங்கிக் கடல் வற்றினால், எதையும் எடுக்க நில்லாதே, குன்றுக்கு ஓடு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் மீண்டும் நிலம் நடுங்கியது. இந்து சமுத்திரத்திற்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இல்லை. சிமெலுவேயில் 'ஸ்மோங்' என்ற குரல் எழுந்தது. மக்கள் மேட்டுக்கு ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் மாண்டோர் 7 பேரே. அதே அலை நமது கீழைக்கரையை அடைய ஏறக்குறைய 2 மணி நேரம் சென்றது. ஆயினும் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

நம்மிடமும் கடற்கதைகள் உண்டு. பாண்டிய நாட்டைக் கடல் கொண்டதென இறையனார் களவியலுரை கூறுகின்றது. களனி மன்னனின் கொடுமையாற் கடல் பொங்கியதையும், அவன் மகளைப் பொற்கலத்தில் ஏற்றிக் கடலில் விட்டதையும் மகாவமிசம் கூறுகின்றது. இவை அரசரையும் புலவரையும் பற்றிய கதைகள். கரையில் வலை உலர்த்தும் ஏழை எங்கே ஓடவேண்டும் என்பதை அவை சொல்லவில்லை.

இன்று கடல் வேறு வகையில், ஓசையின்றி ஏறிவருகின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. காலநிலை மாற்றம் பற்றிய அறிக்கைகள் குவிகின்றன. அவற்றின் மொழியோ மீன்வாடிகளை எட்டவில்லை. கிணற்றில் உவர் ஏறுவதையும் கரை அரிபடுவதையும் நாள்தோறும் காண்போர் மீனவரும் கமக்காரருமே. அவர்கள் காண்பதும் விஞ்ஞானி அளப்பதும் ஒரே கதையாதல் வேண்டும்.

அக்கதை தப்பும் வழியை மட்டும் சொன்னாற் போதாது. நிலநடுக்கத்திற்கு எவரும் பொறுப்பல்லர். இதற்குப் பொறுப்பாளர் உளர். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் குவித்தவர் யார், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்றும் அது கேட்டாக வேண்டும்.

மக்களுக்காக எழுதுகின்றோம் என்போர் கரைக்குச் செல்வோமாக. முதலிற் கேட்போம், பின்னர் சொல்வோம்.