காரைதீவுக் கரையில் ஒரு பொம்மைச் சினைப்பர்

எங்கள் கிழக்குக் கரையோரத்தில் துப்பாக்கி என்ற சொல் பத்திரிகைக்கும் பாடப்புத்தகத்துக்கும் உரியது. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் அது துவக்குத்தான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை தமிழரும் முஸ்லிம்களும் இந்த ஒரே சொல்லையே புழங்குகின்றனர். சிங்களத்திலும் அது துவக்குவ. துப்பாக்கி, துவக்கு ஆகிய இரண்டுக்கும் வேர் துருக்கிய மொழியில் இருப்பதாக அகராதிகள் காட்டுகின்றன. பொருள் கடல் கடந்து வந்தது. பெயரும் கூடவே வந்தது. ஒரு சொல்லைப் பற்றிய ஆராய்ச்சியாக இதைத் தொடங்கினாலும், நான் எழுத வந்தது ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றி.

ரொறன்ரோவில் வாழும் பள்ளித் தோழர் ஒருவர் அண்மையில் கடிதம் எழுதியிருந்தார். வைகாசிக் குளிர்த்திக்குக் கண்ணகி அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு வரவிருக்கிறார். பதினைந்து வயது மகனுக்கு எயார்சொப்ட் என்னும் காற்றுத் துவக்கு விளையாட்டில் பெரும் மோகம். மலிவு விலையில் ஒரு சினைப்பர் வாங்கித் தரும்படி கேட்கிறானாம். "மச்சான், நீ பேப்பர்க்காரன். அந்த விலைக்கு அது பெறுமதியானதா, ஊருக்குக் கொண்டு வரலாமா எண்டு விசாரிச்சுச் சொல்லு" என்பது கேள்வி. முதற் கேள்விக்கு விடை பொறியியலில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை எங்கள் ஊரின் வரலாற்றில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது பிற வாசகர்களுக்கும் பயன்படும் என்று தோன்றுகிறது.

இலங்கைக் கரைக்குப் போர்த்துக்கேயர் வந்தது 1505ஆம் ஆண்டளவில். அவர்களுடைய பீரங்கியின் ஓசையை இடியோடு ஒப்பிட்டு வியக்கிறது இராஜாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூல். அவ்வியப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் இந்நாட்டுக் கொல்லர்கள் திரித்துவக்குகளைத் தாமே செய்யத் தொடங்கிவிட்டனர். பூட்டு இடப்புறத்தில் அமைந்து, அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து நிற்கும் அக்கால இலங்கைத் துவக்குகளை உலகின் பல அரும்பொருட்சாலைகளில் இன்றும் காணலாம். இதே போர்த்துக்கேயரின் துவக்கு 1543இல் யப்பானின் தனேகஷிமா தீவில் இறங்கியது. யப்பானியக் கொல்லர்களும் அதைப் பார்த்துத் தாமே செய்தனர். விசையை அழுத்தியதும் திரி சட்டென்று பாய்ந்து மருந்தைத் தொடும் பூட்டு இரு நாட்டுத் துவக்குகளிலும் உண்டு. ஆயுத வரலாற்றறிஞர்கள் அவற்றை ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். ஆக, எங்கள் துவக்கும் யப்பானியத் துவக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். தோழரின் மகன் கேட்கும் விளையாட்டுத் துவக்கு பிறந்ததும் அதே யப்பானில்தான்.

சினைப்பர் என்ற சொல்லுக்கும் எங்கள் வயல்வெளிக்கும் ஓர் உறவு உண்டு. மழைக்காலத்தில் வடதிசையிலிருந்து வந்து சேற்று வயல்களில் இரைதேடும் உள்ளான் குருவியின் ஆங்கிலப் பெயர் ஸ்னைப். திடீரென எழுந்து வளைந்து வளைந்து பறக்கும் அச்சிறு பறவையைச் சுட்டு வீழ்த்துவது கடினம். அதனால் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படை அதிகாரிகள் உள்ளான் வேட்டையை ஒரு பெருமையாகக் கொண்டனர். 1770களில் அவர்கள் எழுதிய கடிதங்களில் இவ்வேட்டையைக் குறிக்கும் வினைச்சொல் தோன்றுகிறது. மறைந்திருந்து மனிதரைக் குறிபார்த்துச் சுடுபவன் என்னும் பொருள் அதற்குப் பின்னர் வந்து சேர்ந்தது. குருவியிலிருந்து மனிதனுக்குக் குறி மாறிய கதை அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பிரித்தானியர் காலத்தில் எங்கள் பகுதியில் துவக்கு என்பது பெரும்பாலும் வயற்காவலுக்கு உரியது. பன்றியும் யானையும் வேளாண்மையை அழிக்காமல் பரணில் இருந்து காத்தவர்களின் கையில் அது இருந்தது. வாய்ப்புறமாக மருந்தையும் ஈயத்தையும் போட்டு இடித்து நிரப்பும் இடியன் துவக்கை அறியாத வயல்காரக் குடும்பம் அன்று அரிது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருப்பவர் உரிமம் பெறவேண்டும் என்றது. பல திருத்தங்களோடு அச்சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது. எது துவக்கு என்பதை அச்சட்டம் அளக்கும் முறை சுவையானது. இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்திய வைக்கோல் அட்டைகளை எந்த அளவுக்குத் துளைத்துச் செல்கிறது என்பதே அளவுகோல். பெட்டியில் விளையாட்டுப் பொருள் என்று அச்சிட்டிருப்பது அந்த அட்டைகளுக்குத் தெரியாது. குழலிலிருந்து புறப்படும் பொருளின் வலுவைத்தான் அவை அறியும்.

இனி யப்பானுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற அந்நாட்டில் பொதுமக்கள் துவக்கு வைத்திருப்பது பெரும்பாலும் தடைப்பட்டது. 1958ஆம் ஆண்டின் சட்டம் அத்தடையை உறுதியாக்கியது. உண்மைத் துவக்கு கிடைக்காதவர்கள் உலோகத்தில் அச்சு அசலான மாதிரிகளைச் செய்து சேகரித்தனர். அவற்றைக் காட்டிக் கொள்ளையடிப்பவர்களும் தோன்றியதால் 1971இலும் 1977இலும் உலோக மாதிரிகளுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. உற்பத்தியாளர்கள் பிளாஸ்டிக்குக்குத் திரும்பினர். சுருள்வில்லின் விசையாற் காற்றை அழுத்தி, 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் உருண்டையைத் தள்ளும் துவக்கு இவ்வாறு உருவாயிற்று. 1991இல் டோக்கியோ மருய் நிறுவனம் மின்கலத்தால் இயங்கித் தொடர்ந்து சுடும் வகையைக் கொண்டு வந்தபின் விளையாட்டு உலகெங்கும் பரவியது. 2005இல் சிலர் இத்தகைய துவக்குகளின் வலுவைக் கூட்டி நெடுஞ்சாலையில் ஓடும் கார்களைச் சுட்டனர். மறு ஆண்டே யப்பான் சட்டத்தைத் திருத்தி, 6 மில்லிமீற்றர் உருண்டைக்கு ஏறத்தாழ 0.98 யூல் என்று உச்சவரம்பு விதித்தது.

ஒரு யூல் என்பது எவ்வளவு? 0.20 கிராம் எடையுள்ள உருண்டை நொடிக்கு 100 மீற்றர் வேகத்திற் பறந்தால் அதன் ஆற்றல் ஒரு யூல். இங்கிலாந்திலும் வேல்சிலும் உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய காற்று ரைபிளின் உச்சவரம்பு ஏறத்தாழ 16 யூல். போர்க்களத்துச் சினைப்பரின் 7.62 மில்லிமீற்றர் ரவையோ மூவாயிரம் யூலுக்கும் மேற்பட்டது. ஆயினும் ஒரு யூலை அலட்சியம் செய்யலாகாது. தோலிற் பட்டால் சிவந்து தடிக்கும். கண்ணிற் பட்டால் பார்வை போகும். சாதாரண மூக்குக்கண்ணாடி அந்த அடியைத் தாங்காது. இந்த விளையாட்டில் முதற் செலவு துவக்குக்கு அல்ல, கண்காப்புக்கு.

மலிவு விலைச் சினைப்பர்களிற் பெரும்பாலானவை சீனத்தில் உருவாகும் நகல்கள். டோக்கியோ மருய் நிறுவனத்தின் விஎஸ்ஆர்-10 என்னும் மாதிரியைப் பின்பற்றும் பார்-10 அவற்றுள் பெயர் பெற்றது. எல்96 என்னும் பிரித்தானியப் படைத் துவக்கின் உருவில் வருபவை மற்றொரு வகை. அந்த உண்மைத் துவக்கை உருவாக்கிய நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான மல்கம் கூப்பர், 1984இலும் 1988இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற குறிசூட்டு வீரர். உருவம் அவருடைய நிறுவனத்தினுடையது. உள்ளே இருப்பது சுருள்வில். நாங்கள் சிறுவர்களாக மூங்கிற் குழலிற் காயைச் செருகிக் குச்சியால் தள்ளி வெடிக்கவிட்டோமே, தத்துவம் அதுவேதான். ஆணியை ஒவ்வொரு முறையும் கையால் இழுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஓர் உருண்டை.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது உட்குழல். அது நேராகவும் வழவழப்பாகவும் இருந்தால்தான் குறி தவறாது. இரண்டாவது, உருண்டைக்குப் பின்சுழற்சி கொடுக்கும் சிறு இறப்பர்த் துண்டு. சுழலும் பந்து காற்றில் விலகும் என்பதை 1852இல் விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் மக்னஸ். முரளிதரனின் பந்து காற்றில் விலகுவதற்கும், இவ்வுருண்டை நிலத்தில் விழாமல் மேலும் சில மீற்றர் மிதந்து செல்வதற்கும் காரணம் ஒன்றே. மலிவுத் துவக்கிலும் இவ்விறப்பரை மட்டும் நல்லதாக மாற்றினால் வியக்கத்தக்க பயன் கிடைக்கும். மூன்றாவது, விசையின் கொக்கி. மலிவானவற்றில் இது மெல்லிய கலப்புலோகத்தில் இருக்கும். வலுவான சுருள்வில் போடப் போட இது தேய்ந்து, ஒருநாள் தொடாமலே சுடும். நான்காவது உருண்டை. 0.20 கிராமுக்குப் பதிலாக 0.30 கிராம் உருண்டை போட்டால் அதே ஒரு யூலில் வேகம் நொடிக்கு 82 மீற்றராகக் குறையும். ஆனால் காற்றுக்கு அலையாமல் நேராகச் செல்லும். கடற்காற்று வீசும் ஊரில் இது முக்கியம். சேர்த்துக் கொடுக்கும் தொலைநோக்கி பெரும்பாலும் அழகுக்கு மட்டுமே.

ஆகவே முதற் கேள்விக்கு விடை இது. பழகுபவனுக்கு மலிவுச் சினைப்பர் பெறுமதியானதே. ஆணி இழுக்கவும் பொறுத்திருக்கவும் மூச்சடக்கவும் அது கற்பிக்கும். ஆனால் நூறு மீற்றருக்கு அப்பால் குறி வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். வலுவான சுருள்வில்லை நாடவும் வேண்டாம். தூரத்தைத் தருவது சுழற்சியும் எடையுமே.

இரண்டாவது கேள்விக்கு உலக நாடுகளின் விடைகள் பலவிதம். பிரித்தானியாவில் 2007 முதல் உண்மையைப் போலத் தோன்றும் போலித் துவக்குகளை விற்பதும் இறக்குமதி செய்வதும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது. கனடாவில் நொடிக்கு 366 அடிக்கு உட்பட்ட வேகமுடையது, உண்மைத் துவக்கை அச்சாக ஒத்திருந்தால் தடைசெய்யப்பட்ட போலியாகக் கருதப்படலாம். வலுக் குறைந்தது தடைக்குள்ளும் சற்று வலுவானது அனுமதிக்குள்ளும் வரும் விசித்திரம் அது. அமெரிக்காவில் 1980களின் இறுதியிலிருந்து குழல்முனையில் செம்மஞ்சள் நிறம் இருக்கவேண்டும் என்பது விதி. அந்நிறம் நீங்கிய எயார்சொப்ட் கைத்துவக்கோடு பூங்காவில் விளையாடிய பன்னிரண்டு வயதுச் சிறுவனை 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரில் ஒரு காவலர் சுட்டுக்கொன்றார். வாகனம் வந்து நின்று இரண்டு நொடிகூட ஆகவில்லை.

அந்த இரண்டு நொடிகளை எங்கள் கரையோரத்தில் வைத்துப் பாருங்கள். வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் இருக்க, நடுவே விபுலானந்த அடிகள் 1892இற் பிறந்த எங்கள் காரைதீவு. 1985 ஏப்ரிலில் இனமோதலில் இவ்வூரின் வீடுகள் எரிந்தன. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டுமே பிணங்களைக் கண்டன. வயற்காவலுக்கு இருந்த துவக்குகள் கைமாறின. கைமாறியவை வயலுக்குத் திரும்பவில்லை. போர் 2009இல் ஓய்ந்தது. பத்தாண்டு கழிந்து, 2019 ஏப்ரில் 26 இரவு, சாய்ந்தமருதில் துவக்குச் சண்டையும் குண்டுவெடிப்பும் நிகழ்ந்தன. இறந்தவர்களுட் குழந்தைகளும் இருந்தனர். அந்த ஓசை காரைதீவின் வீடுகளுக்குள்ளும் கேட்டது.

பெருநாளுக்கும் குளிர்த்திக்கும் கடைகளிற் பச்சையும் சிவப்புமாகப் பொம்மைத் துவக்குகள் தொங்குகின்றன; பிள்ளைகள் வாங்குகிறார்கள்; எவரும் அஞ்சுவதில்லை. அவை பொம்மை என்பது நூறு யார் தொலைவிலும் தெரிகிறது. சினைப்பர் நகலின் மதிப்பே அது பொம்மை என்று தெரியாமல் இருப்பதில்தான் உள்ளது. கறுப்பு நிறமும் நீண்ட குழலும் தொலைநோக்கியுமாக ஒரு பையன் மாலையிற் கடற்கரையிற் குப்புறப் படுத்திருந்தால், அவனைப் பார்ப்பவர் யார்? பணியில் நிற்கும் படைவீரராக இருக்கலாம். மகனை இழந்த ஒரு தாயாகவும் இருக்கலாம். முதலாமவர் என்ன செய்வார் என்பது அச்சம். இரண்டாமவருக்கு என்ன ஆகும் என்பது அதனினும் பெரிய கவலை. வலுவை அளக்க வைக்கோல் அட்டை உண்டு. தோற்றம் செய்யும் காயத்தை அளக்க எந்த அட்டையும் இல்லை.

தோழருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. அங்குள்ள சட்டத்துக்கு உட்பட்டதாக வாங்கிக் கொடு. கண்காப்பையும் கூடவே வாங்கு. வேலியிட்ட விளையாட்டுத் திடலில் மட்டும் பயன்படுத்தச் சொல். பயணப்பெட்டியில் அதை வைக்காதே. நமது சுங்கத்தில் அதைத் திறந்து விளக்கம் சொல்லும் நிலையும், வெளியே வந்தபின் ஊருக்கு விளக்கம் சொல்லும் நிலையும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வரக்கூடாது.

இடியன் துவக்கைக் கையாண்ட பெரியவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மருந்து இடித்த அளவு, பரண்காவல் முறை, உரிமப் பத்திரம், துவக்கு எப்போது எவரிடம் போயிற்று என்ற விபரம் எல்லாம் அவர்களோடு மறைந்து போவதற்குள் எவராவது கேட்டு எழுதிவைக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.