சுங்கத் தரகர் (இந்தியா)

சுங்கத் தரகர் என்பவர் இறக்குமதியாளர் அல்லது ஏற்றுமதியாளரின் சார்பில் ஆவணங்களைச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்து, சரக்கை விடுவித்துத் தரும் உரிமம் பெற்ற நபர் அல்லது நிறுவனம் ஆகும். இந்தியாவில் இவ்வுரிமம் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்கீழ் வழங்கப்படுகிறது. 2013 வரை சட்டத்தில் இவர்கள் சுங்க இல்ல முகவர் எனப்பட்டனர். துறைமுக வட்டாரங்களில் சி.எச்.ஏ., கிளியரிங் ஏஜெண்டு ஆகிய பெயர்களே இன்றும் வழங்குகின்றன. லாஜிஸ்டிக்ஸ் எனப்படும் ஏற்பாட்டியல் துறையில் பட்டதாரிகள் நுழையும் வழிகளுள் இதுவும் ஒன்று.

பணியின் தன்மை

பெரும்பாலும் கப்பல் வந்து சேருமுன்பே இறக்குமதிக்கான பில் ஆப் என்ட்ரி ஐஸ்கேட் இணையவாயில் வழியாகத் தாக்கல் செய்யப்பட வேண்டும். பொதுவாக, தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம் விதிக்கப்படும். கொள்கலனைத் திருப்பித் தருவதில் ஏற்படும் தாமதத்திற்குக் கப்பல் நிறுவனம் வாங்கும் தொகை இதிற் சேராது.

பணியின் கடினமான பகுதி சரக்கை வகைப்படுத்துதல் ஆகும். உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைவு முறை ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்கக் குறியீடு தருகிறது. இந்தியா அதனை எட்டு இலக்கமாக விரித்துள்ளது. குறியீடு மாறினால் வரி மாறும். சிறு குப்பிகளில் விற்கப்படும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா கூந்தல் எண்ணெயா என்ற வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2018இல் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். 2024 திசம்பரில் மூவர் அமர்வு அதனைச் சமையல் எண்ணெய் என்றே கொண்டது. அது கலால் வரி வழக்கெனினும் அங்கும் இதே குறியீட்டு முறையே பின்பற்றப்பட்டது. நீதிபதிகளே மாறுபட்ட இத்தகைய வினாவைத் தரகர் அலுவலகம் சில மணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டியுள்ளது.

அட்டைகள்

பணியாளரின் நிலையைப் பட்டம் தீர்மானிப்பதில்லை, அட்டையே தீர்மானிக்கிறது. 2018ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம ஒழுங்குவிதிகள் மூன்று அட்டைகளைக் குறிப்பிடுகின்றன. எச் அட்டை எத்தேர்விலும் தேறாத பணியாளருக்கு உரியது. இதற்கு மேல்நிலைப் பள்ளித் தேர்ச்சியே போதும் என்பதால், பட்டதாரியும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் ஒரே படியில் தொடங்குகின்றனர். எச் அட்டையாளர் ஆவணங்களில் கையொப்பமிட இயலாது. பணியாளருக்கான தேர்வில் தேறியவர் ஜி அட்டை பெறுவார். நிறுவனம் எழுத்து வழி அதிகாரம் அளித்தால் இவர் கையொப்பமிடலாம். உரிமத்திற்கான தேர்வில் தேறியவருக்கு எப் அட்டை வழங்கப்படும். எப் அட்டையாளர் தாமே உரிமம் பெறலாம்; நிறுவனம் உரிமம் பெறவும் இத்தேர்வில் தேறிய பங்குதாரரோ இயக்குநரோ அதிகாரம் பெற்ற பணியாளரோ தேவை.

உரிமத் தேர்வு எழுத இளங்கலைப் பட்டத்துடன் மேலாண்மை, நிதி அல்லது கணக்கியலில் முதுகலைப் பட்டம், சட்டப் பட்டம், பட்டயக் கணக்காளர் தகுதி, சுங்கப் பணியில் பட்டயம் ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். இவை இல்லாத பட்டதாரி ஜி அட்டையுடன் ஈராண்டு பணியாற்றியிருக்க வேண்டும். துறைமுகத்தைக் கண்ணாற் காணாத மேலாண்மைப் பட்டதாரி நேரே தேர்வெழுதலாம் என்பதும், ஆண்டுக்கணக்கில் எச் அட்டையுடன் அலைந்த வணிகவியல் பட்டதாரி எழுத முடியாது என்பதும் இவ்விதியின் விந்தை. ஆகவே பணியில் சேர்பவருக்குத் தொடக்கச் சம்பளத்தைவிட ஜி அட்டைத் தேர்வுக்கு நிறுவனம் எப்போது அனுப்பும் என்பதே முதன்மையான கேள்வி. உரிமத் தேர்வு எழுத்து, வாய்மொழி என இரு கட்டங்களைக் கொண்டது. எழுத்துத் தேர்வின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமையும்.

பொறுப்பு

வாடிக்கையாளரின் இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டெண், சரக்கு மற்றும் சேவை வரி எண், அவர் குறித்த முகவரியில் உண்மையிலேயே இயங்குகிறாரா என்பது ஆகியவற்றைத் தரகர் சரிபார்க்க வேண்டும். போலி முகவரியில் தொடங்கிய நிறுவனம் மறைந்துவிட்டால், விசாரணை தரகரிடம் வந்து நிற்கும். பணியாளரின் செயலுக்கும் தரகரே பொறுப்பு. விதிமீறலுக்கு 50,000 ரூபாய் வரை தண்டமும், உரிமம் இழக்கும் நிலையும் நேரலாம்.

மாற்றங்கள்

2011 முதல் வரியை இறக்குமதியாளரே கணித்து அறிவிக்கும் தன்மதிப்பீடு நடைமுறையில் உள்ளது. 2020 சூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமறியா மதிப்பீடு, அவ்வாண்டு அக்டோபர் 31 முதல் நாடெங்கும் விரிந்தது. சென்னையில் இறங்கும் சரக்கின் ஆவணத்தை வேறு நகரத்து அதிகாரி மதிப்பிடலாம். முன்பு இராசாசி சாலையிலுள்ள சுங்க இல்லத்தில் நேரில் சொல்லி விளக்கியதை இப்போது எழுதி விளக்க வேண்டியுள்ளதால், பிழையற எழுதத் தெரிந்த பட்டதாரிக்கு இம்மாற்றம் சாதகமானது. எனினும் ஆய்வுக்குத் தேர்வாகும் கொள்கலன், சரக்கு நிலையத்தில் அதிகாரியின் முன்பே திறக்கப்படுகிறது. தரகரின் ஆளும் அங்கு உடனிருக்கிறார்.