முதலமடையில் பிறந்த மயிலம்மா

"பாசிட்டிவா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று இங்கே அலுவலகப் பயிற்சி வகுப்பில் அடிக்கடி சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது மயிலம்மாதான்.

பாலக்காடு மாவட்டத்தில், மாம்பழத்துக்குப் பேர்போன முதலமடையில் பிறந்தவர். எரவாளர் பழங்குடி. எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்துப் பிளாச்சிமடைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அங்கே 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தது. கொஞ்ச நாளிலேயே கிணற்றுத் தண்ணீர் கெட்டது. அதில் சோறு பொங்க முடியவில்லை. பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடந்தார்கள்.

2002 ஏப்ரல் 22-ல் ஆலைக்கு எதிரே பந்தல் போட்டுப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் வீடுகள்! ஆனாலும் பந்தலைக் கலைக்கவில்லை. மயிலம்மா முன்னால் நின்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

2007 ஜனவரியில் மயிலம்மா காலமானார். 2010-ல் கேரள அரசு அமைத்த குழு, சேதத்தை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. 2011-ல் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்காகச் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவில்லை. 2017-ல்தான், ஆலையைத் திரும்பத் திறக்கப் போவதில்லை என்று கம்பெனி உச்சநீதிமன்றத்தில் சொன்னது.

அப்படியானால் நம்பிக்கை என்னதான் செய்தது? கெட்ட கிணற்றை அது சுத்தம் செய்யாதுங்க. "நம்மால என்ன ஆகும்" என்று வீட்டில் முடங்காமல், மறுநாளும் அந்தப் பந்தலுக்கு வர வைத்தது. அது போதாதா?