1925-ல் ஏது திருப்பூர் மாவட்டம்?

இந்த எபிசோடு ஒரு ஃபோன் காலில் ஆரம்பிக்குது. என் சித்தி பொண்ணு, பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம். "அண்ணா, ப்ராஜெக்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். தலைப்பு, பனியன் தொழிலின் வரலாறு. அவங்க அப்பா ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்த வீட்டிலிருந்து காலேஜ் போன முதல் ஆள் இவள்தான்.

நெட்டில் இருந்து எடுத்து எழுதிய முதல் வரி: "திருப்பூர் மாவட்டத்தில் 1925-ல் முதல் பனியன் ஆலை தொடங்கியது." பேராசிரியை அதில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார். "1925-ல் ஏது திருப்பூர் மாவட்டம்?"

நியாயமான கேள்விதானுங்க. திருப்பூர் மாவட்டம் உருவானதே 2009-ல்தான். ஆங்கிலேயர் காலத்தில் திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டத்தின் பல்லடம் தாலுகாவில் ஒரு ஊர்.

சனிக்கிழமை அவளை நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். குறிப்புதவிப் பகுதி, அதாவது ரெஃபரன்ஸ் செக்‌ஷன். இங்கே புத்தகத்தை வீட்டுக்குத் தர மாட்டாங்க, அங்கேயே உட்கார்ந்து பார்க்கணும். "திருப்பூர்" என்று தேடினாள், பழைய புத்தகம் எதுவும் சிக்கவில்லை. நம்ம வேலையில் அடிக்கடி பார்ப்போமே, கீ தப்பா குடுத்தா டேட்டா உள்ளே இருந்தும் வெளியே வராது. அதே கதைதான். நூலகர் சிரிச்சுக்கிட்டே, "கோயம்புத்தூர்னு தேடும்மா" என்றார்.

கதவு திறந்தது. 1887-ல் வந்த நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு. 1966-ல் வந்த கோயம்புத்தூர் மாவட்ட கெஸட்டியர். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட எண்பது வருஷ இடைவெளி. ஒரே ஊரை இரண்டிலும் பார்த்தால் எது மாறியிருக்குன்னு தானா தெரியும். அங்கிருந்து தனி நூல்களுக்குப் போகலாம். திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றியே ஷரத் சாரி எழுதிய ஆய்வு நூல் 2004-ல் வந்திருக்கு.

இந்த இடத்தில்தான் எனக்கே தெரியாத ஒரு கதை கிடைத்தது. அதே அலமாரியில் தடித்தடியாகப் பத்துத் தொகுதிகள், தமிழ்க் கலைக்களஞ்சியம். அகரவரிசையில், தமிழிலேயே, அறிவியலில் இருந்து வரலாறு வரை. முதல் தொகுதி 1954-ல் வந்தது, பத்தாவது 1968-ல். முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். ஈரோடு பக்கத்துக்காரர், கோவை ராமகிருஷ்ணா வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். அந்த வித்யாலயத்தை 1930-ல் தொடங்கியவரும், கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவரும் ஒருவரே: தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார். அவர் பிறந்தது 1903-ல், நம்ம திருப்பூரில்!

அதோடு முடியல. 1946 முதல் 1949 வரை அவர் சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். அந்தக் காலத்தில்தான் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருஷமாக வலியுறுத்திய விஷயம். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தணும் என்பது. அன்னைக்கு எங்களுக்கு அந்த நூலகர் செய்ததும் அதைத்தான். நெட்டில் ஒரு ராத்திரி முழுக்கத் தேடியும் கிடைக்காதது பத்து நிமிஷத்தில் கிடைத்தது.

அந்தச் சட்டத்தால் நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி. இன்னைக்கும் வாங்குறாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் சித்தப்பா வீட்டு ரசீதை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது: "இத்தனை வருஷமா கட்டுறேன், ஒரு நாள் உள்ள போனதில்ல. நான் ஷிஃப்ட் முடிச்சு வர்றப்ப பூட்டியிருப்பாங்க." அப்புறம் பொண்ணைப் பார்த்து, "நீ போய்ட்டு வா சாமி" என்றார்.

அவள் முதல் வரியை மாத்தி எழுதினாள்: "அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பூரில்..." 1925 என்ற வருஷத்தை இன்னும் சரிபார்த்துக்கிட்டிருக்கா. ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் நூல், ஆண்டு, பக்க எண் எழுதுறா. இரண்டு நூல் இரண்டு விதமா சொன்னா, இரண்டையும் எழுதுன்னு சொல்லியிருக்கேன்.

ப்ராஜெக்ட் பண்ற மாணவர்கள் கேட்டுக்கிட்டிருந்தா ஒரு வேண்டுகோள். தேட ஆரம்பிக்கும் முன், உங்க ஊர் அந்தக் காலத்தில் எந்த மாவட்டம், எந்த தாலுகா, என்ன பேர்னு முதலில் எழுதி வெச்சுக்கோங்க. அந்தத் துண்டுச் சீட்டோட நூலகர்கிட்ட போங்க. கலைக்களஞ்சியம் இணையத்திலும் படிக்கக் கிடைக்குது. வீட்டில் வரி ரசீது இருந்தா எடுத்துப் பாருங்க. ஏற்கெனவே பணம் கட்டியாச்சுங்க, போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.