ஸ்டெபனி ஷெர்லி

ஸ்டெபனி ஷெர்லி (செப்டம்பர் 16, 1933 – ஆகஸ்ட் 9, 2025) ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த மென்பொருள் தொழில்முனைவோரும் கொடையாளரும் ஆவார். திருமணத்தாலும் மகப்பேற்றாலும் வேலையை விட்ட பெண் நிரலாளர்கள் வீட்டிலிருந்தே பணிபுரியும் வகையில் 1962 ஆம் ஆண்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியதற்காக அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

இவர் செருமனியின் டோர்ட்மண்ட் நகரில் பிறந்தார். இயற்பெயர் வேரா புக்தால். தந்தை யூதர், நீதிபதியாக இருந்து நாசி ஆட்சியில் பதவி இழந்தவர். 1939 இல், யூதக் குழந்தைகளைக் காப்பாற்ற ஏற்பாடு செய்யப்பட்ட தொடருந்து ஒன்றில், ஐந்து வயதில் தமக்கையுடன் இங்கிலாந்து வந்து வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். இவர் படித்த பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பிக்கப்படாததால், அருகிலிருந்த ஆண்கள் பள்ளிக்குச் சென்று அதனைக் கற்றார். பின்னர் இலண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவாறே, ஆறு ஆண்டுகள் மாலை வகுப்புகளில் பயின்று கணிதத்தில் பட்டம் பெற்றார். 1959 இல் இயற்பியலாளர் டெரெக் ஷெர்லியை மணந்தார்.

நிறுவனம்

கணினித் துறையில் பெண் என்பதால் பதவி உயர்வுக்கு இருந்த தடைகளை உணர்ந்த ஷெர்லி, 6 பவுண்டு முதலீட்டில் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் நிறுவனத்தைத் தம் வீட்டிலேயே தொடங்கினார். மென்பொருள் கணினியுடன் இலவசமாக வழங்கப்பட்ட அக்காலத்தில், அதனைத் தனியே விற்க முடியும் என்று பலர் நம்பவில்லை. தம் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால், கணவரின் யோசனைப்படி "ஸ்டீவ்" என்று கையொப்பமிட்டார். வாய்ப்புகள் வரத் தொடங்கின.

பணியாளர்களிடம் கணினி இருக்கவில்லை. நிரலைத் தாளில் பென்சிலால் எழுதினர். அது பின்னர் துளை அட்டைகளில் பதிக்கப்பட்டது. எனவே வேலைக்கு இன்றியமையாத கருவி தொலைபேசியே. குழந்தையின் அழுகுரல் வாடிக்கையாளருக்குக் கேட்காதிருக்க, தட்டச்சுப் பொறியின் ஒலிப்பதிவை ஷெர்லி பின்னணியில் ஒலிக்கச் செய்தார். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலாக்கத்தை இந்நிறுவனப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்தனர்.

முதல் 300 பணியாளர்களுள் 297 பேர் பெண்கள். 1975 இல் இயற்றப்பட்ட பால் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் விளைவாக, பெண்களுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கை சட்டத்திற்கு முரணானது. ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. பெண்களுக்கு உதவும் நோக்கில் வந்த சட்டமே பெண்களுக்கான நிறுவனத்தை மாற்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

ஷெர்லி நிறுவனத்தின் கால்பங்கைத் தம் சொந்த இழப்பில் பணியாளர்களுக்கு அளித்தார். 1996 இல் பங்குச் சந்தையில் நுழைந்த இந்நிறுவனத்தின் பணியாளர்களுள் எழுபது பேர் பவுண்டு மதிப்பில் இலட்சாதிபதிகள் நிலையைக் கடந்து மில்லியனர்கள் ஆயினர். பின்னாளில் சான்சா எனப் பெயர் மாறிய நிறுவனத்தை 2007 இல் ஸ்டீரியா வாங்கியது.

குடும்பமும் கொடையும்

1963 இல் பிறந்த இவரது ஒரே மகன் ஜைல்ஸுக்குக் கடுமையான மதியிறுக்கம் இருந்தது. நிறுவனத்தை நடத்திக்கொண்டே மகனைப் பேணிய சுமையால் ஷெர்லியின் உடல்நலமும் பாதிக்கப்பட்டது. மகன் 1998 இல் 35 வயதில் இறந்தார். 1993 இல் ஓய்வு பெற்ற ஷெர்லி, தம் செல்வத்தின் பெரும்பகுதியை மதியிறுக்க ஆய்வு, சிறப்புப் பள்ளி, ஆக்சுபோர்டு இணைய நிறுவனம் ஆகியவற்றுக்கு வழங்கினார்.

அறிவுரைகள்

தொழிலில் முன்னேற விரும்புவோர் முதல்தரத் திறனும் தமக்குப் பிடித்த இயல்பும் உடையவர்களைச் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், வாழ்க்கைத் துணையை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் ஷெர்லி உரைகளில் கூறினார். பணியாளர் எங்கு இருக்கிறார் என்பதைவிட, ஏற்ற வேலையை முடிக்கிறாரா என்பதே அவரது நிறுவனம் நடைபெற்ற முறை. இம்முறைக்கு மேலாளரின் நம்பிக்கை அடிப்படையாகும்.

சிறப்புகள்

பிரித்தானியக் கணினிக் கழகத்தின் முதல் பெண் தலைவராக 1989 இல் பொறுப்பேற்றார். 2000 இல் டேம் பட்டம் பெற்றார்.